நிலவரம்

ஒளிய இடமில்லாத நான்கு வரிகள்
முதலில் எழுதினேன்:
உள்நுழைவு. ஓடிபி. கூலிப் பட்டியல். வங்கிக்கு அனுப்புதல்.
ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வட்டம்.
யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்,
கடவுச்சொல் கிடையாது.

வண்ணார்பேட்டை, மூன்றாம் மாடி.
கீழே பரோட்டாக் கல்லில் கொத்துகிற சத்தம்.
ஆனிக் காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்குகிறது.

ஞானதிரவியம் அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டார்.
"பச்சை சரி. மஞ்சளும் இருக்கட்டும்.
செவப்பு எதுக்கும்மா?
நம்ம கடைக்கு நாமளே பூட்டுப் படம் வரைஞ்சு மாட்டணுமா?"

மேசையில் அன்றைய தினசரி கிடந்தது.
பாபநாசம் அறுபத்தெட்டு அடி,
சேர்வலாறு எண்பத்தொன்று,
மணிமுத்தாறு அதற்கும் கீழே.
வற்றிய அணை
முகத்துக்கு மஞ்சள் பூசிக்கொள்வதில்லை.
அவர் பக்கம் தள்ளிவைத்தேன்.
அவர் தங்கம் விலை பார்த்தார்.

பிறகு அந்தப் பக்கத்துக்கு வீடு தேடினேன்.
நம் சர்வரிலேயே குடிவைத்தால்
நம் சர்வர் படுக்கிற அன்று அதுவும் சேர்ந்து படுக்கும்.
குறுக்குத்துறையில் ஆறு ஏறினால்
உற்சவரை மேலக்கோயிலுக்குத் தூக்கிப்போவார்கள்;
தூக்குகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.
வேறு கம்பெனி, வேறு ஊர், மாதம் நானூறு ரூபாய்.
அண்ணாச்சி நானூறுக்குக் கையெழுத்துப் போட்டார்.
சிவப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆடி முதல் சனி, மாலை நாலு பத்து.
முக்கூடலிலிருந்து மேலப்பாளையம் வரை
பீடிக்கூலி இறங்குகிற நேரம்.
ஓடிபி நின்றது.

சொல் தேடினேன்.
"தடங்கலுக்கு வருந்துகிறோம்":
அது டிவிப் பெட்டிக்கு எழுதிவைத்த வருத்தம்.
"சிலருக்குத் தாமதம் ஏற்படலாம்":
சிலருக்கு இல்லை, எல்லாருக்கும்.
கடைசியில் இப்படி அடித்தேன்:
ஓடிபி போகவில்லை. பழுது எங்களிடம்.
உங்கள் கூலி பத்திரமாக இருக்கிறது.
நாலரைக்கு மறுபடி எழுதுவோம்.
"பத்திரமாக" என்ற ஒரு சொல்லுக்காக
பட்டியலை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்.
வட்டத்தைச் சிவப்பாக்கினேன்.

நாலரைக்கு எழுத ஒன்றுமில்லை.
"இன்னும் சரியாகவில்லை" என்று எழுதினேன்.
அந்த இரண்டு சொல்லுக்குத்தான்
கை அதிகம் தயங்கியது.

திட்டு வந்தது, நிறைய.
மேலப்பாளையத்திலிருந்து ஒரு குரல், செய்யதலி பாத்திமா:
"செவப்பாக் கெடக்குன்னு பாத்தேன்.
அப்பம் கடை வாசல்ல நிக்க வேண்டாம்லா?
போயித் துணியத் தொவைக்கேன். பச்சையானா வாரேன்."
பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

எஸ்எம்எஸ் கணக்கில் காசு தீர்ந்திருந்தது.
அவ்வளவுதான் பழுது.
கட்டலாம் என்றால் அதற்கும் ஓடிபி வேண்டும்.
அது அண்ணாச்சி ஃபோனுக்குப் போகும்;
அண்ணாச்சி நாசரேத்தில், கல்யாண வீட்டில்.
ஏழாவது தடவை எடுத்தார்.
பேண்டு வாத்தியத்துக்கு மேலே கத்திக் கத்தி
ஆறு இலக்கம் சொன்னார்.
ஐந்து முப்பத்தேழுக்குப் பச்சை.

காரணம் எழுத வேண்டிய கட்டம் மிச்சமிருந்தது.
"கணக்கில் இருப்பு தீர்ந்தது. நிரப்ப மறந்தோம்."
மூன்று நாள் முன்பே எச்சரிக்கை வந்தது
என் பெட்டிக்கு மட்டும்.
மறந்தேன் என்றுதான் இருக்க வேண்டும்.
சிவப்புக்காக அவ்வளவு மல்லுக்கட்டியவள்
"ஓம்" விகுதிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

தொண்ணூறு நாள் பட்டையில் இப்போது ஒரே ஒரு கோடு.
"அத எடுத்திரலாமா?" என்கிறார் அண்ணாச்சி.
"தானா உதிர்ந்திரும், ஐப்பசி வரணும்."
விரல் மடக்கி எண்ணுகிறார்.
நானும்தான்.

இன்று பாபநாசம் நூற்றேழு.
எங்கள் நான்கும் பச்சை,
இதை எழுதும்போது.